மொழிபெயர்ப்பு வேலையில் மனநிறைவு: மறக்காத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கதிரவன்_மதுரை:
மருந்து ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவங்கள்தான் என் பிழைப்பு. நாம் தமிழாக்கியதைச் சரிபார்க்க இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, நெறிமுறைக் குழு பார்த்து, அப்புறம் எங்கே போகிறதென்றே தெரியாது. போன மாதம் மாமாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரி போனேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி, பேரன் படிவத்தை வாசித்துக் காட்டுகிறான். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, என்னுடையது. "பாதியில வேணாம்னா வைத்தியத்த நிறுத்திருவாகளாடா?" என்றார் பாட்டி. பையன் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்கிற பத்தியை இரண்டு தடவை படித்தான். பாட்டி "ம்" என்றார். காசு வந்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

இரவுப்பறவை:
சந்தோஷம் கதிரவன். ஆனால் அந்த "ம்"மை வைத்து வாடகை கட்ட முடியாதே. எனக்கு வருவதெல்லாம் இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலை. ஒரு ஏஜென்சி, எவ்வளவு மாற்றுகிறேனோ அதற்குத்தான் கூலி என்றது. மூலத்தோடு ஒப்பிட்டு, சரி என்று தொடாமல் விட்ட வாக்கியத்துக்குப் பைசா கிடையாது. விடிகாலையில் ஒரு வாக்கியத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பே இல்லை. ஒரு தப்பாவது இருக்கக் கூடாதா என்று தோன்றியது பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஸ்கார்பரோ_வாசி:
நீங்கள் இருவரும் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். நான் கனடாவில் அகதி விசாரணைகளில் உரைபெயர்ப்பாளர், பேசுவதை அங்கேயே வாயால் மொழிபெயர்த்துச் சொல்பவன். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. பேசுபவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தை ஒரு தாய் சொன்னார். அவர் அழவில்லை. எனக்குத்தான் குரல் தளதளத்தது. விசாரணை நடத்தியவர் என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். முடிவு என்ன ஆனது என்று நமக்கு ஒருவரும் சொல்வதில்லை.

பழைய_கை:
ஒரு நாவல் மொழிபெயர்த்தேன், அட்டையில் பெயர் போடவில்லை, விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும். தம்பி இரவுப்பறவை, மாற்றியதற்கு மட்டும் கூலி என்றால் அந்த வேலையைத் தொடாதீர்கள். மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்போடு சில வரிகள் நூற்றுக்கு நூறு பொருந்துகின்றன என்று காசை வெட்டினால், அந்த வரிகளை நாம் தொட முடியாதபடி பூட்டி அனுப்பச் சொல்லுங்கள். படிக்கச் சொன்னால் காசு தரட்டும். இயந்திரத் திருத்தத்துக்கென்றே ஐஎஸ்ஓ 18587 என்று 2017லேயே தரநிலை வந்திருக்கிறது, முழுத் திருத்தத்துக்கானது, அதைக் காட்டுங்கள். ஆர்டர் கைக்கு வராமல் ஃபைலைத் திறக்காதீர்கள். மருத்துவமோ சட்டமோ, ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், முதுகுக்கு நல்ல நாற்காலி முக்கியம்.

இரவுப்பறவை:
அண்ணே, மணிக்கணக்கில்தான் கேட்டேன். அதற்கப்புறம் அங்கிருந்து மெயிலே இல்லை. நாற்காலி மட்டும் வாங்கியாச்சு.