‘ஆஃப் தி ரெக்கார்ட்’னு சொன்னதை அச்சில் போடலாமா?

இரவுமேசை:
அதிகாரி "ஆஃப் தி ரெக்கார்டா சொல்றேன்"னு ஆரம்பிச்சா, பேர் போடாம எழுதிக்கோன்னுதான் அர்த்தம். செய்தியே வரக்கூடாதுன்னா நிருபர்கிட்ட ஏன் வாயைத் திறக்கணும்? "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" எல்லாம் அப்படி வந்ததுதானே.

களநிருபர்:
இல்லவே இல்லை. நீங்க சொல்றது ‘பேக்ரவுண்ட்’: பேசி முடிவு செஞ்ச நிபந்தனைப்படி, பேரை விட்டுட்டு எழுதுறது. ‘டீப் பேக்ரவுண்ட்’னா தகவலை எழுதலாம், யார் சொன்னதுன்னு துளி அடையாளமும் வரக்கூடாது. அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வெச்ச வாட்டர்கேட் ஊழல் செய்தியில், எஃப்.பி.ஐ. அதிகாரி மார்க் ஃபெல்ட் நிருபர்கிட்ட அப்படித்தான் பேசினார். ரகசியமாத் தகவல் தந்தது அவர்தான்னு உலகத்துக்குத் தெரிஞ்சது 2005-ல. ‘ஆஃப் தி ரெக்கார்ட்’ அமெரிக்காவின் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நெறிமுறைப்படி அச்சுக்கே ஆகாது. ஆனா அதே தகவலை இன்னொருத்தர்கிட்ட விசாரிச்சு, அவர் பேரோட வாங்கிப் போடலாம்.

இரவுமேசை:
அதெல்லாம் அமெரிக்க வழக்கம். நம்ம ஊர் தாசில்தாருக்கு இந்த மூணு வகையும் தெரியுமா?

களநிருபர்:
தெரியாததாலதான் பேனாவை எடுக்கும் முன்னாடியே கேட்கணும்: "இதை எழுதலாமா? எழுதினா உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்?" பதிலைக் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் தலையிலேயே எழுதி வைக்கணும். எல்லாம் பேசி முடிச்சுட்டு "இது ஆஃப் தி ரெக்கார்ட்"னு சொன்னா அது தானா செல்லாது. நாம சம்மதிச்சாதான் உண்டு. பெரும்பாலும் மாட்டிவிடுறது பேர் இல்லை, வர்ணனை. "நில எடுப்புப் பிரிவின் மூத்த அதிகாரி"ன்னு எழுதுறோம். அந்தப் பிரிவில் மூத்தவங்க ரெண்டே பேர்னா மறுநாள் காலையிலேயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். "வருவாய்த் துறை அதிகாரி"யோட நிறுத்தணும்.

சட்டப்பார்வை:
இரவுமேசை, கோஹன் வழக்கைப் பாருங்க. 1982 மினசோட்டா கவர்னர் தேர்தல் சமயம். தகவல் தந்த கோஹனுக்குப் பேர் வராதுன்னு நிருபர்கள் வாக்குக் கொடுத்தாங்க, ஆசிரியர்கள் அதை மீறிப் பேரைப் போட்டாங்க. அவருக்கு வேலை போச்சு. வாக்கு மீறினதுக்கு இழப்பீடு கேட்கிறதைப் பத்திரிகைச் சுதந்திரம் தடுக்காதுன்னு 1991-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கடைசியில் கிடைச்ச இழப்பீடு 2 லட்சம் டாலர்.

களநிருபர், உங்களுக்கும் ஒண்ணு. "சிறைக்குப் போனாலும் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்"னு இங்க யாருக்கும் லேசா வாக்குக் கொடுக்காதீங்க. 1978 பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2) பிரிவு, தகவல் யார் தந்ததுன்னு சொல்ல வேண்டியதில்லைன்னு தர்ற பாதுகாப்பு அந்தக் கவுன்சில் விசாரணைக்கு மட்டும்தான். நீதிமன்றம் கேட்டா அது கைகொடுக்காது.

இரவுமேசை:
அப்போ மேசையை, அதாவது ஆபீஸ்ல இருக்கிற ஆசிரியர் குழுவைக் கேட்காம நிருபர் வாக்கே கொடுக்கக் கூடாது. செய்தி அச்சானா பொறுப்பு ஆசிரியருக்கும்தானே.

களநிருபர்:
ஒருத்தர் உயிரைப் பணயம் வெச்சுப் பேச வரும்போது "இருங்க, ஆபீஸைக் கேட்டுட்டு வர்றேன்"னு சொன்னா அங்கேயே எழுந்து போயிடுவார். எதுவரைக்கும் நிருபரே வாக்குக் கொடுக்கலாம்னு மேசை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கட்டும்.