அந்த ஒரு கேள்வி: மரபணு ஆய்வில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

வளவுவீட்டுக்காரன்:

மரபணு ஆய்வில் இருக்கும் நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன்: ஊரார் கேட்டு உங்கள் மனத்தில் நின்றுவிட்ட ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது. கோயில் (நம் குலப்பிரிவு), புள்ளி (கோயிலில் பதிவாகும் குடும்பக் கணக்கு), இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) ஆகியவற்றை இங்கே யாருக்கும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் நேரே செய்திக்கு வருகிறேன். தந்தைவழி வரும் ஒய் குரோமோசோமையும் தாய்வழி வரும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வையும் கோயில் பிரிவுகளோடு ஒப்பிடுவது என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக இரத்த மாதிரி சேகரிக்கக் காரைக்குடிக்கு அருகே உறவினர் ஊருக்கே போயிருந்தேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவமும் கையில் இருந்தன.

ஒரு வீட்டில் பட்டாலையில் உட்கார்ந்திருந்த ஆச்சி முதலில் கை நீட்டி இரத்தம் கொடுத்தார். உறையாமல் காக்கும் மருந்து நன்றாகக் கலக்க வேண்டுமென்று, ஊதா மூடிக் குழாயை நான் மெல்லக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கொண்டிருந்தபோது, அவருடைய மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து அமர்ந்தார். ஆச்சி படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "தம்பி, இவன் பிள்ளை கூட்டுன பிள்ளை. அது இதுல தெரியுமா?" என்று கேட்டார். பிள்ளை கூட்டுவது என்றால் தத்தெடுப்பது. பங்காளிகளின் மாதிரிகளோடு சேர்த்துப் பார்த்தால் தெரியக்கூடும் என்று உள்ளதைச் சொன்னேன். "ஊருக்கே தெரிஞ்சதுதான். ஆனா இவன் எந்தக் கோயில் புள்ளின்னு கோயில்ல எழுதியாச்சு. உன் குழாய் வேற ஒண்ணச் சொல்ல வேணாம்" என்றார். மகன் ஒன்றும் பேசாமல் மடித்த சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

ஊசி வலிக்கும், தலை சுற்றலாம், பெயர் இரகசியமாக வைக்கப்படும் என்றெல்லாம் எங்கள் படிவத்தில் வரிகள் இருந்தன. ஆச்சி கேட்டதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

குன்றக்குடியான்:

நண்பர் இதைப் பெரிதுபடுத்துகிறார் என்றே எனக்குப் படுகிறது. ஆய்வில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். கணக்கிடுவதும் கூட்டத்தின் சராசரியைத்தானே ஒழிய ஒருவருடைய பிறப்பை அல்ல. மேலும் பங்காளிக்குள்ளேயே பிள்ளை கூட்டியிருந்தால் ஒய் குரோமோசோம் ஒன்றாகவே இருக்கும், ஒன்றும் வெளிப்படாது. பெயர் வந்தாலும்தான் என்ன? உசிலம்பட்டிப் பக்கம் சோதிமாணிக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் ஒய் குரோமோசோமில் எம்130 என்னும் பழைய மரபணுக் குறியீட்டைக் கண்டபோது, அந்த ஊர் மட்டுமல்ல, மாதிரி தந்தவரின் பெயரும் செய்தித்தாள்களில் வந்தது. தென்னிந்தியக் கரையோரமாக ஆதி மனிதர்கள் கடந்து சென்றதற்கு அது சான்றாகப் பேசப்பட்டது. எல்லோரும் கையை இறக்கிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்திருக்குமா?

என் அனுபவம் மிகச் சிறியது. மாதிரி கொடுத்த ஒரு பெரியவர், "முடிவு எப்பத் தம்பி வரும்?" என்று கேட்டார், தனிப்பட்ட முடிவு தருவதில்லை என்றேன். "அப்ப எனக்கு என்ன இலாபம்?" என்றார். வட்டித்தொழில் பார்த்த வீட்டுக்காரர், கேட்கத்தான் செய்வார். இன்றுவரை விடை சொல்லத் தெரியவில்லை.

இரண்டாங்கட்டு:

எண் மட்டும்தான் என்று குன்றக்குடியார் சொல்வதை ஏற்க இயலாது. சின்ன ஊரில் வயது, கோயில், வீட்டு எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும், எவர் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். சோதிமாணிக்கத்தில் பெயர் வெளிவந்ததை வைத்து இங்கும் வரலாம் என்பது வாதமே அல்ல.

நான் சென்னையில் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றுகிறேன். தேவகோட்டையில் ஒரு திருமணப் பேச்சின்போது, பெண்ணை அம்மான் மகனுக்கே கொடுப்பதாக முடிவாகியிருந்த நிலையில், குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா என்று என்னைக் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அயித்தை, "கோயில் வேற, கோயில் வேற. அப்புறம் எப்படி ஒரே இரத்தமாகும்?" என்று முடித்துவிட்டார். திருமணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஐயாவையும் ஆயாவையும் (தாத்தா, பாட்டி) மேலே எழுதி, அவர்களுடைய மகனையும் மகளையும் கீழே எழுதி, கோடு இழுத்துக் காட்டினேன். மகள் திருமணமானதும் கணவரின் கோயிலுக்குப் போகிறாள், பிள்ளைகளும் அந்தக் கோயில்தான். ஆனால் பாலினம் சாராத 22 இணைக் குரோமோசோம்களுக்குக் கோயில் தெரியாது. அத்தை மகள், மாமன் மகன் கூடிப் பிறக்கும் குழந்தையில், ஓர் இடத்தின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்தே வந்திருக்க 16இல் 1 வாய்ப்பு. தாய்மாமனையே மணந்தால் அது 8இல் 1. ஒரே கோயிலில் பெண் எடுக்காத விதி அண்ணன் தம்பி பிள்ளைகளைப் பிரித்து வைக்கிறது. அக்காள் தம்பி பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறது.

உறவில் கொடுக்காவிட்டாலும் கவலை தீராது. மரபியலாளர்கள் தங்கராஜும் ரைக்கும் உள்ளிட்ட குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களில் 81 சமூகங்கள், பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகலான முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டார்கள். முன்னோர் சிலரே ஆனால், அவர்களில் ஒருவரின் மரபணுக் குறை பலருக்கும் பரவிவிடும். ஆரிய வைசியச் சமூகத்தாரில் சிலருக்கு, அறுவைக்கு முன் தரும் தசைத்தளர்த்தி மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவாக இருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மயக்க மருத்துவரிடம் முன்பே சொன்னால் ஆபத்தைத் தவிர்க்கலாம். இப்படிச் சொல்ல வேண்டியவை ஏராளம் இருக்க, அன்று அயித்தை பத்திரிகையைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டி, "அச்சடிச்சாச்சு ஆத்தா" என்றார்.

கண்மாய்க்கரை:

என்னுடையது மனித மரபணு அன்று, கறுப்பு அரிசியான கவுனி. வெள்ளை நெல்லைத் தாயாக வைத்து, பூவின் நுனியை நறுக்கி ஆறு மகரந்தப்பைகளையும் மாலையில் நீக்கி, மறுநாள் காலையில் கவுனியின் மகரந்தத்தைத் தூவினேன். விதை கொடுத்த விவசாயி ஒருவர், விளைந்த மணிகளில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் உமியைக் கீறி என்னிடம் நீட்டினார்: வெள்ளை. "என் கவுனி எங்கே போச்சு?" என்றார். கறுப்பு நிறம் தவிட்டின் வெளித்தோலில் இருப்பது, அந்தத் தோல் தாய்ச்செடியின் திசு, ஆகவே மணியின் மேலே தெரிவது தாயின் நிறம்தான். உள்ளே இருக்கும் கருவில்தான் கவுனி இருக்கிறது, அது முளைத்து வளர்ந்து கதிர் விட்டால்தான் தெரியும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, நம் திருமணங்களில் சீர்ச் சாமான்களைப் பரப்பிக் காட்டுவதை நினைத்து, "அப்ப முதல்ல சாமான் பரப்புறது பெண் வீடுதான்" என்றார். இலையில் டி.என்.ஏ. எடுத்துப் பி.சி.ஆர். செய்து, இரு பெற்றோரின் டி.என்.ஏ. பட்டைகளும் சேர்ந்து தெரிவதை நாற்றுப் பருவத்திலேயே உறுதிசெய்தேன். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்துக்கு ஆய்வேட்டில் இடமில்லை.

ஓய்வுபெற்றவன்:

காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் பழைய ஆசிரியர் ஒருவரிடம் நான் விஞ்ஞானி என்றேன்; "சிக்ரியிலா?" என்று, ஊரிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைச் சொல்லிக் கேட்டார். இல்லை, மூலக்கூறு உயிரியல் என்றதும், "அப்ப வேலை?" என்றார். அவ்வளவுதான்.

இளைஞர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாய். ஆனால் அது மாதாமாதம் வரும் என்று நம்பி வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள். நெறியாளரின் புகழைப் பார்க்காமல், அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள், முடிந்தால் அவர்களிடமே பேசுங்கள். நுண்ணுயிரிக் குளோன்களைக் கிளிசராலில் இட்டு இரண்டு உறைபெட்டிகளில், அதுவும் வேறு வேறு மின்தடத்தில், வையுங்கள். மின்சாரம் போகும் இரவில் இதன் அருமை புரியும். குறிப்பேட்டில் மையால் எழுதித் தேதியிடுங்கள். நாங்கள் கதிரியக்கக் குறியிட்டு, எக்ஸ்ரே பிலிமில் டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி எழுத்துகளைக் கண்ணால் எண்ணிப் படித்தோம். இன்று இயந்திரம் படித்துவிடுகிறது, அதன் பிறகு கணினியில் செய்ய வேண்டியதே பெரும்பகுதி, ஆகவே நிரலாக்கத்தை முதலாண்டிலேயே கற்றுவிடுங்கள். வெளிநாடு போனால் திரும்பி வருவதற்கு மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசாமி நல்கை இருக்கிறது, அதை மனத்தில் வைத்தே போங்கள். திருமணத்தைத் தள்ளிப் போடுவதா என்பது உங்கள் வீட்டார் பாடு.

வளவுவீட்டுக்காரன்:

ஓய்வுபெற்ற அண்ணன் சொன்னவை பயனுள்ளவைதான், நான் கேட்டவை அல்ல. குன்றக்குடியார் பங்காளிக்குள் பிள்ளை கூட்டுவது பற்றிச் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்: பங்காளிக்குள்ளா, வெளியிலா என்று நான் ஆச்சியிடம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. மகனிடம் மாதிரி எடுக்கவில்லை. ஆச்சி கொடுத்த குழாயில் தாய்வழி மைட்டோகாண்டிரியம் மட்டுமே பார்க்கப்பட்டது. அடுத்த ஊருக்குப் போகும் முன் படிவத்தில், "உறவுமுறை பற்றி நீங்கள் அறிந்ததற்கு மாறான செய்தி தெரியவரக்கூடும், அதை எவருக்கும் தெரிவிக்க மாட்டோம்" என்று சேர்த்தோம். இரண்டாங்கட்டு ஆச்சி, உங்கள் கூடத்தில் இந்த வரியை எப்படி எழுதுகிறீர்கள்? சற்று எளிய சொற்களில் இருந்தால் அனுப்புங்கள், அதையே நாங்களும் அச்சிடுகிறோம்.