வாலபிக்கு வேலியா, கடமானுக்கு வேலியா?

யாழினி_மெல்பன்:
மெல்பனுக்குக் கிழக்கே ஒரு சதுப்புக் காட்டோரத்தில் எங்கள் தன்னார்வக் குழு கோரையும் குத்துப்புல்லும் டீ-ட்ரீ புதர்களும் நட்டு வருகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தவரைக்கும் டீ-ட்ரீ தளதளவென்று வளர்ந்தது. உறையைக் கழற்றிய பகுதியில் இப்போது எல்லாமே முழங்கால் உயரத்தில் மொட்டையாக நிற்கின்றன. கேமராவில் இரவுக்கிரவு வருவது கங்காருவின் சிறிய உறவான சதுப்பு வாலபிதான். கருத்த முதுகு, செம்பழுப்பு வயிறு. தனியாக வந்து, முன்கையால் கிளையை வளைத்துப் பிடித்து, நுனியிலிருந்து தின்றுகொண்டே கீழே இறங்குகிறது.

என் நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறேன். நடவுப் பகுதி முழுவதற்கும் வாலபி புகாத வேலி வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பெர்மிட் எடுத்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இந்த மண்ணின் விலங்கு என்பதற்காகக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. மெல்பனுக்குக் கிழக்கே இருக்கும் யெல்லிங்போ காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவின் மாநிலப் பறவையான ஹெல்மெட் தேனுண்ணி 1980-களின் இறுதியில் 50 சொச்சமாகச் சுருங்கி, அங்கேதான் உயிர் தப்பியது. சமவெளியில் மிஞ்சியிருக்கும் லெட்பீட்டர் போசம் என்ற சின்ன மரவாழ் விலங்கும் அங்கேதான். இரண்டுக்கும் அடர்ந்த புதரடுக்கு வேண்டும். கன்று தலையெடுக்காவிட்டால் புதர் எங்கிருந்து வரும்?

தாவரன்:
அக்கா, கேமராவில் விழுந்ததாலேயே வாலபி குற்றவாளி ஆகிவிடாது. யாரா ஆற்றுப் பள்ளத்தாக்குக் காடுகளில் கடமான் எவ்வளவு பெருகிக் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 1860-களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட இனம். ஒரு ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். சதுப்பு வாலபி 15, 20 கிலோ. ஒரு கடமான் ஒரு ராத்திரியில் தின்பதைத் தின்ன எத்தனை வாலபி வேண்டும்? கடமானால் நாட்டுத் தாவரங்களுக்கு ஏற்படும் சேதத்தை விக்டோரியா அரசே 2007-இல் அச்சுறுத்தல் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்று. சதுப்பு வாலபி புல்லை நம்பி மேயும் பிராணி இல்லை. புல்லை நம்பி வாழும் கங்காருவுக்கு வயதாக ஆக முன்கடைவாய்ப் பல் விழுந்துவிடும், பின்பற்கள் முன்னால் நகர்ந்து வரும். சதுப்பு வாலபிக்கோ கத்தி போன்ற அந்த முன்கடைவாய்ப் பல் கடைசிவரை இருக்கும். புதர், இலை, பெரணி எல்லாவற்றையும் வெட்டித் தின்னத்தான் அது. மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சையையும் தோண்டித் தின்று, அதன் வித்துக்களைக் காடெல்லாம் போட்டு வைக்கிறது. அந்தப் பூஞ்சை வேரில் சேர்ந்தால்தான் யூக்கலிப்டஸ் நன்றாகப் பிழைக்கும். நீங்கள் குறைக்கச் சொல்வது உங்கள் காட்டின் வேலைக்காரனை.

கிப்ஸ்லாந்து_குமார்:
புழுக்கையைப் பார்த்தீர்களா? கடமான் புழுக்கை ஒரு முனை கூராகவும் மறுமுனை குழிந்தும் இருக்கும். வாலபியுடையது சொரசொரப்பாக இருக்கும், உடைத்தால் நார் நாராகத் தெரியும். மரப்பட்டையில் கொம்பு உரசிய தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

யாழினி_மெல்பன்:
குமார் அண்ணா, அதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நார்ப் புழுக்கைதான். உரசல் தடம் இல்லை, சேற்றுக்குழி இல்லை, ஆள் உயரத்தில் ஒரு கிளைகூட ஒடியவில்லை. மரை, அதாவது நீங்கள் சொல்லும் கடமான், ஓடைக்கு அந்தப் பக்கம் நடமாடுகிறது, இந்தத் துண்டுக்கு வருவதில்லை.

தாவரன், உங்களுக்கு ஆய்வுதானே வேண்டும்? சிட்னிக்குத் தெற்கே ஜார்விஸ் குடாவில் இருக்கும் பூடெரீ தேசியப் பூங்காவைப் பற்றி 2013-இல் வந்த கட்டுரையைப் படியுங்கள். அங்கே நரிக்கு விஷம் வைத்து நரியை ஒடுக்கினார்கள். வேறு வேட்டை விலங்கும் இல்லை. வாலபி பெருகிவிட்டது. காட்டுத்தீக்குப் பிறகு 16 இடங்களை வேலியிட்டும் 18 இடங்களைத் திறந்துவிட்டும் ஒப்பிட்டார்கள். திறந்த இடங்களில் யூக்கலிப்டஸ், பேங்க்சியா, சவுக்கு இனக் கன்றுகள் ஒன்றில் குட்டையாக இருந்தன, அல்லது எண்ணிக்கையில் குறைந்திருந்தன. பெரணி மட்டும் மண்டியது. மண்ணின் விலங்கு மண்ணின் காட்டையே மாற்ற முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தாவரன்:
அதே கட்டுரையை முழுதாகச் சொல்லுங்கள் அக்கா. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அந்தக் கடற்கரைக் காட்டையே மூடிக்கொண்டிருந்த பீட்டூ புதரையும் வாலபி அடக்கியிருந்தது. வேலிக்குள்தான் அந்தக் களை ஓங்கி வளர்ந்தது. உங்கள் சதுப்பிலும் ஓரமெல்லாம் ஃபலாரிஸ் இருக்கிறது. மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்த மத்தியதரைக் கடல் புல், ஈரம் கண்டால் விடாது. எல்லா வாயையும் வெளியே நிறுத்திவிட்டால் வேலிக்குள் முதலில் எழும்பப்போவது உங்கள் குத்துப்புல்லா, அதுவா?

அப்புறம் நரி. அங்கே பெருக்கத்துக்குக் காரணம் வாலபியின் குணம் இல்லை, வேட்டை விலங்கு இல்லாமல் போனது. டிங்கோ என்ற காட்டுநாயை அழித்தது மனிதன். பழி மட்டும் வாலபி தலையிலா?

மலைப்புல்:
கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் புதரைப் பற்றியே பேசுகிறீர்கள், புல்லை விட்டுவிட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் கங்காரு புல் என்கிறார்களே, தெமிடா ட்ரையாண்ட்ரா, அதே இனம்தான் எங்கள் நீலகிரிப் புல்வெளியிலும் இருக்கிறது. பழுப்புச் சிவப்பில் தாள் முதிர்ந்து, கதிர் தொங்கும். அதற்கு ஓரளவு மேய்ச்சலோ தீயோ கட்டாயம் வேண்டும். விக்டோரியாவின் எரிமலைச் சமவெளியில் பத்தாண்டுக்கு மேல் எரியாமலும் மேயாமலும் விட்ட இடங்களில் பழைய தாள் மேலே மூடி, வெளிச்சம் கிடைக்காமல் தூறே செத்துப்போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மேட்டில் இருக்கும் புல் துண்டுக்கு வேலி போட்டுப் பூட்டிவிடாதீர்கள் அம்மா. கங்காரு வந்து மேயட்டும்.

சதுப்பு வேறு கணக்கு. அங்கே முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். யெல்லிங்போவில் காம்ஃபோரா யூக்கலிப்டஸ் பட்டுப்போவதற்குப் பெரிய காரணம் வாலபியும் இல்லை, மானும் இல்லை, நீரோட்டம் மாறியதுதான். ஓரிடத்தில் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது, இன்னோரிடத்தில் வெள்ளமே எட்டிப் பார்ப்பதில்லை. வேர் தவிக்கும் கன்று கடிபட்டால் மறுபடி துளிர்க்காது. நல்ல ஈரத்தில் நிற்கும் கன்று இரண்டு மூன்று கடியைத் தாங்கும்.

இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் நாட்டு பிளாக் வாட்டில் மரம் எங்கள் புல்வெளியை விழுங்கியது. எங்கள் பக்கத்துக் கடமான் உங்கள் சதுப்பை மிதிக்கிறது. இரண்டையும் கப்பலேற்றியவர்கள் ஒரே ஆட்சிக்காரர்கள்.

கிப்ஸ்லாந்து_குமார்:
ஐயா சொல்வது சரி. ஆனால் சதுப்பில் நீள வேலி நிற்காது. எங்கள் பண்ணையின் ஆற்றோர வேலியில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கட்டையும் சருகும் அடைத்துக்கொண்டு, கம்பத்தோடு சாய்ந்துவிடும். வெள்ளம் வராத மாதத்தில் வளை தோண்டி வாழும் வாம்பட் வேலிக்கு அடியில் தோண்டி வழி போடும், அந்த வழியில் வாலபி நுழையும். கம்பிவலையில் சின்னச் சின்ன வட்டக்கூண்டு கட்டி, கூண்டுக்கு நான்கைந்து கன்று வையுங்கள். பெர்மிட் எடுத்துச் சுட்டாலும் பக்கத்துக் காட்டிலிருந்து வேறு வாலபி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

யாழினி_மெல்பன்:
வட்டக்கூண்டு நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் உறையும் எனக்குப் பிடிக்கவில்லை, வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய் ஓடையெல்லாம் கிடக்கிறது.

மலைப்புல் ஐயா, தண்ணீர்தான் அடிப்படை என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைச் சரிசெய்வது அரசு, நீர்வாரியம், நிலச்சொந்தக்காரர் என்று எல்லோரும் கூடிச் செய்ய வேண்டிய வேலை, ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தேனுண்ணிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கூடு கட்ட இந்த ஐந்தாறு ஆண்டுக்குள் புதர் எழும்ப வேண்டும். எனக்கு வாலபி மேல் வெறுப்பு இல்லை. நூறு இடத்தில் வாழக்கூடிய விலங்கையும், ஓரிரு இடத்தில் ஒண்டியிருக்கும் பறவையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தாவரன்:
அந்தப் பறவைக்காக நானும் நாற்று சுமக்கத் தயார் அக்கா. ஆனால் யார் எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் பெர்மிட்டுக்கு மனு போட்டால் எதிர்த்துத்தான் எழுதுவேன். மூன்று வகைத் துண்டு போடுவோம். ஒன்று முழு அடைப்பு. இன்னொன்றில் வேலியின் அடியில் இடைவெளி விட்டு, வாலபி நுழையும், கடமான் நுழையாது என்று அமைக்கலாம். மூன்றாவது திறந்த நிலம். மூன்றிலும் ஒரே டீ-ட்ரீ, ஒரே கோரை, ஒரே குத்துப்புல். ஃபலாரிஸையும் சேர்த்து அளக்க வேண்டும், அதை விட்டுவிட்டால் அளந்ததற்கே பொருளில்லை.

யாழினி_மெல்பன்:
சம்மதம். துண்டுகளை ஓடைக்கு இரு கரையிலும் போடுவோம், மரை வரும் பக்கமும் வராத பக்கமும் இருக்கட்டும். மேட்டுப் புல்லைத் திறந்தே விடுகிறேன். ஆனால் டீ-ட்ரீக்கு முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டேன், இந்தக் குளிர்காலத்திலேயே கூண்டு கட்டுகிறேன். அடியில் இடைவெளி விட்ட துண்டும் திறந்த நிலம் போலவே மொட்டையாக நின்றால், பெர்மிட் மனுவில் உங்கள் கையெழுத்தையும் கேட்பேன்.

தாவரன்:
மொட்டையாக நின்றால் முதலில் நரிக்கும் டிங்கோவுக்கும் என்ன ஆனது என்று அந்த மனுவில் எழுதுங்கள், பிறகு பேசலாம். கம்பிவலை எத்தனை மீட்டர் வேண்டும் என்று குமார் அண்ணா கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.