புதுப்பிப்பு: சூடானதும் ஆஃப் ஆகும் பழைய 100 சிசி வண்டி, கரி பிடிக்கும் பிளக்: சரியாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பாவின் பழைய வண்டி காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போவதற்குள் சூடாகி, ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் முறுக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஆஃப் ஆகிவிடும். கழற்றினால் ஸ்பார்க் பிளக் கன்னங்கரேல் என்றிருக்கும். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் புது பிளக், முனை இடைவெளி 0.7 மி.மீ. இரண்டே நாளில் மறுபடி கரி. அப்புறம் கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைக் கழற்றிப் பார்த்தேன். அதில் அடைப்பே இல்லை. (பாதி ஞாயிறு போனதுதான் மிச்சம்.)

பலித்தது, "சோக் முழுசா ஆஃப் ஆகுதான்னு பாருங்க" என்று ஓர் அண்ணன் சொன்னதுதான். (சோக் என்பது குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோல் பங்கைக் கூட்டுவது.) கேபிள் இறுகிப்போய், லிவரை விட்டாலும் சோக் பாதி போட்டபடியே நின்றிருக்கிறது. அதனால்தான் குளிர்ந்த எஞ்சின் உடனே பிடித்தது. சூடானதும் பெட்ரோல் அதிகமாகித் திணறியது. புது கேபிள் மாட்டி, லேசாகத் தளர்வு விட்டேன்.

எதிர்பாராதது ஏர் ஃபில்டர். தட்டினால் உள்ளங்கை நிறைய நம்ம ஊர் செம்மண்! காற்று குறைந்தாலும் கரிதான் பிடிக்கும். அதையும் மாற்றினேன்.

மூன்று வாரமாகிறது. பிளக் முனை இளம்பழுப்பாக இருக்கிறது, பிள்ளையார்பட்டி வரை போய்வந்தும் ஒரு முறைகூட நிற்கவில்லை.