பேக்ஸ்கேட்டர்: 'பின்சிதறல்' போதுமா, 'துகள்தெறிப்பு' வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் கடலடி ஒளிப்படச் சொற்களில் 'பேக்ஸ்கேட்டர்' (backscatter) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. நீரில் மிதக்கும் துகள்களில் பிளாஷ் ஒளி பட்டுத் திரும்புவதால் படத்தில் விழும் வெள்ளைப் புள்ளிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பின்சிதறல், தூசிப்புள்ளி, நீர்ப்பனி என மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான் 'துகள்தெறிப்பு' என்பதை முன்வைக்கிறேன். முதலில் இந்தக் கோளாறு படத்தில் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். எந்தச் சொல் பொருந்தும், எது பொருந்தாது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்குகிறது. 5 மீட்டர் இறங்கினாலே சிவப்பு பெருமளவு போய்விடும். இன்னும் ஆழத்தில் செந்நிற மீனும் பவளமும் சாம்பல் கலந்த நீலமாகத்தான் தெரியும். நிறத்தை மீட்க பிளாஷ் வேண்டும். ஆனால் கடல்நீர் வெறும் நீர் அல்ல. மணல், வண்டல், மிதவையுயிரிகள் (பிளாங்டன்), மீன்முட்டை, செத்த உயிர்களின் நுண்துணுக்கு எல்லாம் அதில் மிதக்கின்றன. பிளாஷ் லென்சுக்குப் பக்கத்திலேயே இருந்தால், லென்சுக்கும் மீனுக்கும் இடையில் இருக்கும் அத்தனை துகளும் ஒளி பெற்று, அந்த ஒளியை நேராகக் கேமராவுக்கே திருப்பி அனுப்பும். இருட்டு மூடுபனியில் வண்டியின் ஹைபீமைப் போட்டால் சாலை மறைந்து வெள்ளைச் சுவர் நிற்குமே, அதே வேலைதான்.

இதில் தொலைவின் பங்கு பெரிது. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். மீன் 1 மீட்டரிலும் துகள் 10 செ.மீ.யிலும் இருந்தால், துகளின் மேல் விழும் ஒளி மீனின் மேல் விழுவதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. அதோடு துகள் குவியத்துக்கு வெளியே இருப்பதால் புள்ளியாக நிற்காமல் வட்டமாக ஊதிப்போகும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு படத்தில் பட்டாணி அளவு வெள்ளை வட்டமாவது இப்படித்தான்.

இனி வந்த கேள்விக்கு வருகிறேன்.

> இயற்பியலில் 'பின்சிதறல்' ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பின்சிதறல் நல்ல சொல். ஒளியோ ஒலியோ வந்த திசைக்கே திரும்பிச் சிதறும் நிகழ்வுக்கு அது இருக்கட்டும், அதில் கைவைக்க வேண்டாம். ஆனால் முக்குளிப்பவர் 'பேக்ஸ்கேட்டர்' என்று சொல்லும்போது நிகழ்வைச் சொல்வதில்லை. படத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளைச் சொல்கிறார். நிகழ்வு வேறு, அது விட்டுச்செல்லும் கறை வேறு.

மூழ்கிய கப்பல்களைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் முற்றிவிடும். கடற்படுகையைச் சோனாரால், அதாவது ஒலியலை அனுப்பி, அளப்பவர்களும் பின்சிதறல் என்ற அளவையே பயன்படுத்துகிறார்கள். பாறையும் இரும்பும் ஒலியை வலுவாகத் திருப்பும், சேறு மெலிதாகத் திருப்பும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் படுகையில் கிடப்பதைப் பிரித்தறிகிறார்கள். ஆக ஒரே கட்டுரையில், பின்சிதறல் வலுவாக இருந்ததால் கப்பல் கிடைத்தது என்று ஒரு பத்தியும், பின்சிதறல் வலுவாக இருந்ததால் கப்பலின் படம் கெட்டது என்று இன்னொரு பத்தியும் வரும். வாசிப்பவர் என்ன செய்வார்?

இன்னொன்று: 'பின்' என்பது பொது வாசகருக்குப் 'பின்னால்' என்றே ஒலிக்கும். புள்ளிகள் மீனுக்குப் பின்னால் இருக்கின்றன என்று நினைத்துவிடுவார். உண்மையில் தொல்லை முழுவதும் மீனுக்கு முன்னால், லென்சின் மூக்குக்கு அருகில். புதிதாகக் கற்பவருக்கு இந்த இடம்தான் சரியாகப் புரிய வேண்டும்.

'தூசிப்புள்ளி' எளிமையானது, பேச்சிலும் வரும். ஆனால் கேமராவின் உணரியில் (சென்சார்) தூசி படிந்தாலும் படத்தில் புள்ளி விழும். அது வேறு கோளாறு, அதற்குத் தீர்வும் வேறு. மேலும் அந்தத் துகள்களில் நிறைய உயிருள்ளவை. இரவில் மூழ்கினால் டார்ச் வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும் சிறு மிதவையுயிரிகள்தான் படத்தைப் புள்ளியடிக்கும். அவற்றைத் தூசி என்பது எனக்கு ஒப்பவில்லை. 'நீர்ப்பனி' அழகான சொல், ஆனால் மேல்நீரிலிருந்து ஆழத்துக்கு ஓயாமல் உதிரும் கரிமத் துணுக்குகளுக்குக் 'கடற்பனி' ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புழங்க முடியாது.

சரி, 'துகள்தெறிப்பு'க்கு வருவோம். துகள் என்பதில் மணலும் அடங்கும், உயிரியும் அடங்கும், துருவும் அடங்கும். தெறிப்பு என்பதைத்தான் நான் விரும்பித் தேர்ந்தேன். இலங்கைப் பாடநூல்களில் ஒளி பட்டுத் திரும்புவதற்குத் 'தெறிப்பு' என்றே பெயர். தமிழ்நாட்டில் அதை 'எதிரொளிப்பு' என்கிறோம். ஆகவே இலங்கை வாசகருக்கு இந்தச் சொல் காரணத்தைச் சொல்லும்: துகளில் பட்டு ஒளி திரும்புகிறது. தமிழ்நாட்டு வாசகருக்குச் சேறு தெறித்தது, எண்ணெய் தெறித்தது என்ற பழக்கம் உண்டு. அவருக்கு இது விளைவைச் சொல்லும்: படமெங்கும் வெள்ளை தெறித்துக் கிடக்கிறது. இரண்டு கரையிலும் பொருள் பிசகாமல் நிற்கும் சொல் அடிக்கடி கிடைப்பதில்லை.

இலக்கணப்படி புணர்த்தினால் துகட்டெறிப்பு என்று வரும் என ஒரு நண்பர் சுட்டினார். விதி சரிதான். ஆனால் அப்படி எழுதினால் துகளும் தெரியாது, தெறிப்பும் தெரியாது. அருள்திரு என்று எழுதிப் பழகிய நமக்கு இங்கும் பிரித்து நிறுத்துவது குற்றமாகாது.

துகளே வெடித்துத் தெறிப்பதாகப் பொருள் வரலாம் என்ற தயக்கமும் நியாயமானது. ஆனால் சொல் தனியாக வருவது குறைவு. படம், பிளாஷ், லென்ஸ் என்று சுற்றம் சூழத்தான் வரும். அந்தச் சுற்றத்தில் இந்தக் குழப்பம் நிற்காது என்று நம்புகிறேன்.

சொல்லைப் புழக்கத்தில் வைத்துப் பார்ப்போம். செங்கடலில் 1941 அக்டோபரில் குண்டுவீச்சில் மூழ்கிய திஸில்கோர்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் அறைகளில் மோட்டார்சைக்கிள்களும் லாரிகளும் இன்னும் அடுக்கியபடி இருக்கின்றன. அதைப் படமெடுக்கச் செல்பவருக்கு இப்படி எழுதலாம்:

"கப்பலின் உள்ளறையில் துடுப்புக் காலைக் கீழ்நோக்கி அடிக்காதீர்கள், வண்டல் கிளம்பும். நீங்கள் விடும் மூச்சுக் குமிழி மேல்தளத்தில் முட்டினாலே துரு உதிரும். எனவே உள்ளே போனதும் முதல் சில படங்களை எடுத்துவிடுங்கள், நேரமாக ஆகத் துகள்தெறிப்பு கூடும். இரண்டு பிளாஷையும் அவற்றைத் தாங்கும் கைகளை நீட்டி அகல வைத்துச் சற்றே வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளிக்கூம்பின் விளிம்பு மட்டும் பொருளைத் தொட்டால் போதும், இடையில் உள்ள நீர் இருட்டாகவே இருக்கும், தெறிப்பு குறையும். அகலக்கோண லென்ஸ் போட்டு நெருங்கிப் போங்கள். முழுக் கப்பலையும் எடுப்பதானால் பிளாஷை அணைத்துவிடுங்கள். அந்தத் தொலைவுக்கு அதன் ஒளி எட்டாது, தெறிப்பு மட்டுமே மிஞ்சும்."

கவனியுங்கள், இரண்டாம் முறை வரும்போதே 'துகள்' தானாக உதிர்ந்து 'தெறிப்பு' நின்றுவிடுகிறது. படகில் பேசும்போதும் "பிளாஷை இன்னும் விலக்கு, தெறிப்பு விழுது" என்றால் போதும். தெறிப்பு நீக்கம், தெறிப்பில்லாப் படம் என்று மேலே கட்டவும் வருகிறது. பின்சிதறலை இப்படிக் குறுக்க முடியாது.

ஒளியை லென்சிலிருந்து பிரித்து வைப்பது புதிய அறிவும் அல்ல. 1926இல் ஃபுளோரிடாவின் டிரை டோர்டுகாஸ் பகுதியில் மீனியலாளர் லாங்லியும் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் ஒளிப்படக்காரர் மார்ட்டினும் நீருக்கடியில் முதல் வண்ணப்படங்களை எடுத்தபோது, மெக்னீசியப் பொடியை நீரின் மேல் மிதவையில் வைத்துத்தான் எரித்தார்கள். அவர்கள் தேடியது போதிய வெளிச்சத்தைத்தான் என்றாலும், ஒளி மேலிருந்தும் லென்ஸ் கீழேயும் என்ற அந்த அமைப்பில் துகள்தெறிப்புக்கு இடம் குறைவு.

சொற்பட்டியலுக்கு என் பரிந்துரை:

துகள்தெறிப்பு (சுருக்கம்: தெறிப்பு): நீரில் மிதக்கும் துகள்கள் பிளாஷ் அல்லது டார்ச் ஒளியைக் கேமராவை நோக்கித் திருப்புவதால் படத்தில் விழும் வெள்ளைப் புள்ளிகள் அல்லது வட்டங்கள். நிகழ்வைக் குறிக்கும்போது: பின்சிதறல்.

மாற்றுச் சொல் தருபவர்கள் அதை வைத்து இதேபோல் ஒரு முழுப் பத்தி எழுதிக் காட்டினால் ஒப்பிட எளிதாக இருக்கும். அப்புறம், உள்ளறையில் வண்டல் கிளம்பி வெளியேறும் வழியே தெரியாமல் போகும் நிலைக்கும் நம்மிடம் சொல் இல்லை. 'வண்டல்மூட்டம்' என்று எழுதிவருகிறேன். அது பாதுகாப்பு எச்சரிக்கைகளில் வர வேண்டிய சொல் என்பதால் அதற்கும் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.