பழைய கன்ட்ரி பாட்டை ரேடியோவில் இருந்து துரத்தியது யார்?

கோட்டாறு பையன் கேட்டது:

கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு எனக்கு அறிமுகமானது அப்பாவின் கேசட்டில், பாடியவர் ஜிம் ரீவ்ஸ். டிசம்பர் வந்தால் எங்கள் தெருவில் நாலு வீட்டிலாவது அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஓடும், ஸ்டார் கட்டும்போதும் அதே குரல், கேக் பங்கு வைக்கும்போதும் அதே குரல். இப்போது வேலைக்காக நாஷ்வில் வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பாட்டின் ஊருக்கே வந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் காரில் ரேடியோவைப் போட்டால் டிரம் மெஷின், பாதி ராப், பிக்கப் வண்டி, பீர், வெள்ளிக்கிழமை ராத்திரி, திரும்பவும் பிக்கப் வண்டி. வயலின் இல்லை. விம்மிக்கொண்டே இழுபடுமே ஒரு ஸ்டீல் கிட்டார், அது அறவே இல்லை.

ஆனால் போன சனிக்கிழமை பிராட்வே தெருவில் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு என்ற இடத்துக்குப் போனேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, அந்தப் பையன்கள் 1950களின் பாட்டுகளை வாசிக்கிறார்கள், கூட்டம் வாசல் வரை நிற்கிறது, அதிலும் பாதிப்பேர் சின்ன வயது. கேட்க இத்தனை பேர் இருக்கும்போது ரேடியோவில் ஏன் போடுவதில்லை? அப்பாவிடம் போனில் சொன்னேன், "அப்போ நம்ம பாட்டு முடிஞ்சு போச்சாடா?" என்றார். அவருக்கு என்ன சொல்வது?

ஆறுகம்பி எழுதியது:

தம்பி, முதலில் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய ஜிம் ரீவ்ஸைப் பார்த்தே "இது கன்ட்ரியா?" என்று முகம் சுளித்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். 1953-ல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது துள்ளலாக, உரக்கப் பாடிய பாட்டு. 1957 வாக்கில்தான் மைக்குக்குக் கிட்டே வந்து காதோடு பேசுகிற மாதிரி பாட ஆரம்பித்தார். அப்போது எல்விஸும் ராக் அண்ட் ரோலும் வந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டன, கன்ட்ரி ரெக்கார்டுகள் விற்கவில்லை. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி ஆகிய இரண்டு தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் (கிராமத்துப் பாணியில் வாசிக்கும் தனி வயலின்) ஸ்டீல் கிட்டாரையும் குறைத்து, பின்னால் கோரஸையும் மெத்தென்ற வயலின் கூட்டத்தையும் சேர்த்தார்கள். நாஷ்வில் சவுண்ட் என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு அட்கின்ஸ் பாக்கெட்டில் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினார், காசுச் சத்தம்தான் அது என்கிற மாதிரி, என்று ஒரு கதை உண்டு.

அப்புறம் என்ன நடந்தது? கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், புழுதிப் புயலும் பஞ்சமும் ஓக்லஹோமா பக்கத்திலிருந்து துரத்திவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள், மெர்ல் ஹேகர்டு மாதிரி ஆட்கள், எலெக்ட்ரிக் கிட்டாரும் ஸ்டீலும் கணீரென்று கேட்கும்படி வாசித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளில் வேலன் ஜென்னிங்ஸும் வில்லி நெல்சனும் கம்பெனிகளோடு சண்டை போட்டுத் தங்கள் இஷ்டப்படி பதிவு செய்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி பாப் பக்கம் சாய்ந்தது, 1986-ல் ராண்டி டிராவிஸ் முதல் ஆல்பத்தோடு வந்து அதைத் திருப்பினார், அதற்கு முன்பே ஜார்ஜ் ஸ்ட்ரெயிட் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். நான் இருபது வருடமாக ஸ்டீல் கிட்டார் பழகுகிறேன் (இன்னும் சரியாக வரவில்லை, அதைக் கற்க ஒரு ஆயுள் போதாது), எனக்குத் தெரிந்து இந்தப் பாட்டுக்கு நாலு தடவையாவது பாடை கட்டிவிட்டார்கள். நாலு தடவையும் எழுந்து வந்திருக்கிறது.

மதுரைவீரன்77 எழுதியது:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் இந்தத் தடவை நடந்தது வேறு. முன்பெல்லாம் அமெரிக்காவில் ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை ரேடியோ நிலையம்தான் வைத்திருக்கலாம் என்று சட்டம் இருந்தது. 1996-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். அதற்கு முன் ஒரு சின்ன ஊரில் டிஜே தனக்குப் பிடித்த பாட்டைப் போடலாம், உள்ளூர்ப் பாடகர் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் கதவைத் தட்டலாம். இப்போது பாட்டுப் பட்டியல் எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் தயாராகிறது. விளம்பரம் கொடுப்பவர்கள் எந்த வயதுக்காரர்களைத் தேடுகிறார்களோ அவர்களுக்கான பட்டியல் அது. உங்கள் அப்பா வயதுக்காரர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

இதைப் பற்றியே ஒரு பாட்டு உண்டு, நாஷ்வில் கம்பெனித் தெருவில் கன்ட்ரி பாட்டைக் கொலை செய்துவிட்டார்கள் என்று. 2000-ல் ஜார்ஜ் ஸ்ட்ரெயிட்டும் ஆலன் ஜாக்சனும் சேர்ந்து பாடினார்கள். சிங்கிளாக, அதாவது ரேடியோவுக்கென்று தனிப் பாட்டாக, வெளியிடவே இல்லை, டிஜேக்களில் சிலர் தாங்களாகவே போட்டு அது கன்ட்ரி டாப் 40-க்குள் போனது, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதும் வாங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்களே எழுந்து கைதட்டிவிட்டு மறுநாள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள்! எனக்கு இன்றும் கோபம் வரும் விஷயம் இது. அடுத்தது ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ படத்தின் இசை ஆல்பம். மலைநாட்டுப் பழம்பாட்டுகள், ரேடியோ கிட்டத்தட்ட கண்டுகொள்ளவே இல்லை, அமெரிக்காவில் மட்டும் 80 லட்சத்துக்கு விற்று 2002-ல் கிராமி இசை விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆனது. ஆக, ஆள் இல்லாமல் போகவில்லை. கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான்.

செங்காந்தள் எழுதியது:

எல்லாவற்றையும் ரேடியோ தலையில் போடுவதை என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. ‘பழசு’ என்றால் எது பழசு? பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. ஸ்டீல் கிட்டார் ஹவாயில் இருந்து வந்தது. நம்ம சந்திரபாபு பாட்டு நடுவில் குரலை உடைத்து ஒரு வித்தை காட்டுவாரே, அந்த யோடலிங் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துச் சமாச்சாரம், அதைத்தான் ஆரம்பகாலப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் கன்ட்ரியில் நிலைநிறுத்தினார். கன்ட்ரியின் பெரிய பாடகர் ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சின்ன வயதில் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாஷ்வில் ரேடியோ நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர், அவரை 1941-ல் வெளியே அனுப்பினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாரம்பரியம் பேசினால் அது பாதிக் கதை.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் லொரெட்டா லின். 1975-ல் அவர் கருத்தடை மாத்திரை பற்றிப் பாடியபோது பல நிலையங்கள் தடை போட்டன, அப்படியும் ஹிட் ஆனது. நாற்பது வருடம் கழித்து 2015-ல் ஒரு ரேடியோ ஆலோசகர், கன்ட்ரி ஸ்டேஷனில் ஆண்கள்தான் சாலட்டின் கீரை, பெண்கள் அதில் தக்காளி, அளவாகத்தான் போட வேண்டும் என்று பேட்டியே கொடுத்தார்.

எனக்கு இந்தப் பாட்டு ஏன் பிடிக்கும் தெரியுமா? மூடி மறைக்காமல் சொல்லும். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-ல் பாடிய ஒரு பாட்டில், சாகும்வரை உன்னைக் காதலிப்பேன் என்று சொன்ன ஒருவன் இன்றைக்குத்தான் காதலிப்பதை நிறுத்தினான் என்று வரும். ஏன் நிறுத்தினான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரியும், கதவில் சாவு மாலை தொங்குவதைச் சொல்லும்போது. இவ்வளவு சோகத்தை எவன் வாங்குவான் என்று ஜோன்ஸே நினைத்தார், அதுதான் அவருடைய வாழ்க்கையையே தூக்கி நிறுத்தியது. என் அம்மா இறந்த வருடம் நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதில் ஸ்டீல் கிட்டார் இல்லாமல் வெறும் குரல் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

யாழ்_டொரண்டோ எழுதியது:

தம்பி, நான் கொழும்பில் வளர்ந்த ஆள். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஜிம் ரீவ்ஸ் கேட்காத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இல்லை. 1964-ல் விமான விபத்தில் அவர் போனது உங்கள் நாஷ்விலுக்குப் பக்கத்தில்தான். அடக்கம் செய்தது டெக்சாஸில் கார்த்தேஜ் என்ற ஊரில், நெடுஞ்சாலை ஓரமாகச் சிலை இருக்கிறது, அவர் வளர்த்த நாயையும் அங்கேயே புதைத்திருக்கிறார்கள். அப்பா வந்தால் கூட்டிக்கொண்டு போங்கோ.

புது ஆட்களையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கோ. ஜாக் டாப், சார்லி க்ராக்கெட், டைலர் சில்டர்ஸ். கடைசி இரண்டு பேரும் ரேடியோ தூக்கிவிட்டு வந்தவர்கள் இல்லை, மேடையிலும் இணையத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள். 2025-ல் கிராமிக்காரர்கள் கன்ட்ரி ஆல்பம் விருதை இரண்டாகப் பிரித்துப் பாரம்பரியத்துக்கென்று தனி விருது அறிவித்தார்கள்.

கோட்டாறு பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செங்காந்தள் அக்கா, ரூஃபஸ் பெய்ன் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை, நேற்று ராத்திரி முழுக்க அவரைப் பற்றித்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜாக் டாப் பாட்டு ஒன்றை அப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன், யார் என்று சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டிருக்கிறார். "இந்த ஆளோட கேசட் நம்மகிட்ட இருந்துச்சேடா, எங்க போச்சு?" என்று கேட்டார். பையன் 1997-ல் பிறந்தவன் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். மார்ச்சில் வருகிறார்கள், கார்த்தேஜுக்கு ஒன்பது பத்து மணி நேர ஓட்டம் காட்டுகிறது. வழியில் சாப்பிட நல்ல இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அம்மாவுக்குக் காரம் வேண்டும்.