பின்ட்ரஸ்ட் தாண்டி நல்ல டிசைன், ஆர்ட், போட்டோகிராஃபி எங்கே பார்ப்பது? (கடலூர், பாண்டி பக்கம்)

மஞ்சக்குப்பம்_டிசைன்:
கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, சின்ன லோகோ, இதுதான் வேலை. பின்ட்ரஸ்ட் திறந்தா அதே பேஸ்டல் கலர், அதே வாழைமரம், பாதிக்குமேல ஏஐ படம். இப்போ உருப்படியா வேலை செய்யற டிசைனர், போட்டோகிராபர்களை எப்படித் தேடிப் பிடிக்கிறது? ஆன்லைன் வழியும் சொல்லுங்க, பாண்டி பஸ் ஏறினா நேரில் பார்க்கக்கூடியதும் சொல்லுங்க.

உப்பனாறு:
பின்ட்ரஸ்ட்டை விட்டுட வேண்டாம் தம்பி, ஆரம்பத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க. அங்கே படம் கிடைக்கும், செஞ்சவர் பேர் கிடைக்காது. பேர் தெரியாத வரைக்கும் அல்காரிதம் போடறதுதான் சோறு.

பிடிச்ச படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே ஒட்டின எழுத்து, பார்டர் எல்லாத்தையும் க்ராப் பண்ணிட்டு கூகுள் லென்ஸில் போடுங்க. க்ராப் பண்ணலைன்னா லென்ஸ் அந்த எழுத்தைப் பிடிச்சுக்கும். ஆன்லைன் கடையா வந்து நிக்கும். சிக்கலைன்னா டின்ஐ (TinEye), படத்தை வச்சே தேடற இன்னொரு தளம். அதில் பழையது முதலில் வர்ற மாதிரி வரிசைப்படுத்துங்க. காட்டற தேதி அந்தத் தளம் படத்தை முதல்ல பார்த்த தேதிதான், வெளியான தேதி இல்லை. இருந்தாலும் மூலத்துக்குக் கிட்டக்கக் கொண்டுபோய் விட்டுடும். சில பேர் படத்தை இடவலம் திருப்பிப் போட்டிருப்பாங்க, அதனால ஒரு தடவை ஃப்ளிப் பண்ணியும் தேடுங்க.

பேர் கிடைச்சா அவரோட சொந்த வெப்சைட்டில் விருது, கண்காட்சி விவரம் இருக்கிற பக்கத்தைத் திறங்க. ஒரு பேர் இன்னொரு பேருக்கு இழுத்துட்டுப் போகும். உதாரணமா, போட்டோகிராபர் தயானிதா சிங் 2022ல் ஹாசல்பிளாட் புகைப்பட விருது வாங்கினார். அதே வருஷம் அவர் பேரில், கிராமப்புற இந்தியாவைப் பத்தி எழுதற பாரி (PARI) தளம் ஆவணப் புகைப்பட விருது கொடுத்தது, வாங்கினவர் எம். பழனிகுமார். துப்புரவுத் தொழிலாளர்களைப் பத்தி அவர் எடுத்த படங்களைப் பாருங்க. பாரி தமிழிலேயும் இருக்கு, காசு கட்ட வேண்டாம்.

ஒயிட்டவுன்_வாசி:
நேரில் பார்க்கன்னா என் ஓட்டு பாண்டி அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டா விடுதிக்கு. நீங்க கேட்ட "இப்போ" இல்லை, 1930களின் கடைசியில் தொடங்கின கட்டடம். ஆனா இன்னிக்குக் கட்டறதில் பாதி அதுக்குக் கிட்ட வராது. கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் டிசைன். ஜார்ஜ் நகாஷிமா கட்டற இடத்திலேயே இருந்து வேலை பார்த்தார். நீளமான பக்கம் ரெண்டும் வடக்கு, தெற்கு பார்த்திருக்கும். அந்தப் பக்கங்கள் முழுக்கத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள், ஜன்னல் கண்ணாடியே இல்லை. காத்து உள்ளே வரும், வெயில் வராது. பித்தளைப் பிடி, கீல் எல்லாம் பக்தர்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி வார்த்தது. ஆசிரமத்துக்காரங்க தங்கற இடம், சும்மா நுழைய முடியாது. முன்கூட்டியே அனுமதி கேளுங்க, கேமராவை மறந்துடுங்க.

போட்டோவுக்கு பாண்டி பிரெஞ்ச் இன்ஸ்டிடியூட் சேர்ந்து செஞ்ச பழைய தமிழ் போட்டோ ஸ்டுடியோ படத் தொகுப்பு இருக்கு. பிரிட்டிஷ் லைப்ரரியின் அழிவாய்ப்புள்ள ஆவணங்கள் திட்டத்தில் ஆன்லைனில் பார்க்கலாம். பின்னால தொங்கற வரைஞ்ச திரை, தூண், படிக்கட்டு: பத்திரிகை டிசைனுக்கு அதில் இருக்கிற சரக்கு எந்தப் பின்ட்ரஸ்ட் போர்டிலும் இல்லை. எடுத்துப் பயன்படுத்தறதுக்கு முன்னாடி உரிமை விதியைப் படிங்க.

நாள் ஒதுக்க முடிஞ்சா சென்னை போட்டோ பியனாலேங்கிற புகைப்படத் திருவிழா, 2016ல் இருந்து நடக்குது. ஈசிஆரில் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் உண்டு, 1966ல் தொடங்கினது.

மஞ்சக்குப்பம்_டிசைன்:
கண்காட்சியில் மொபைலில் எடுத்தா கண்ணாடியில் நம்ம முகம்தான் விழுது. அப்புறம் தமிழ் ஃபான்ட் யார் செஞ்சதுன்னு பார்க்க வழி இருக்கா ண்ணா?

உப்பனாறு:
முதல்ல அனுமதி கேளுங்க, ஃப்ளாஷை அணைச்சிடுங்க. கறுப்புச் சட்டை போட்டுட்டுப் போனா பாதிப் பிரதிபலிப்பு குறையும். நேரா நிக்காம ஒரு அடி பக்கவாட்டில் தள்ளி எடுத்து, கோணலை எடிட்டில் நிமிர்த்துங்க. ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த ஷாட் சுவரில் இருக்கிற பெயர்ச்சீட்டு. இந்த வரிசை மாறினா வீட்டுக்கு வந்து எது யாரோடதுன்னே புரியாது.

ஃபான்ட்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸ் போங்க. ஒவ்வொரு பக்கத்திலும் டிசைனர் பேர், லைசென்ஸ் இருக்கும். கட்டமரன் (Catamaran) ஃபான்ட் ப்ரியா ரவிச்சந்திரன் செஞ்சது. முக்த மலர் (Mukta Malar) ஃபான்ட் ஏக் டைப் குழு செஞ்சது. ரெண்டும் திறந்த லைசென்ஸ், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

இன்னொண்ணு. இன்ஸ்டாவில் சேமிக்கிற படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அடிச்சா 3.6 அங்குலத்துக்கு மேல தாங்காது. பளிச்சுன்னு தெரியற பச்சையும் நீலமும் ஆஃப்செட் அச்சில் மங்கிடும். அதனால கலரை அங்கிருந்து அப்படியே எடுக்காதீங்க. அமைப்பை, எழுத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள அளவைப் பாருங்க. கலருக்கு அச்சகத்தில் இருக்கிற சிஎம்ஒய்கே (நாலு மை) கலர் சார்ட் போதும்.